அறையின் சாவி

நுழையும்முன்

மனிதரின் ஆயுள் நீண்டிருக்கிறது. குடும்பத்தின் அளவு சுருங்கியிருக்கிறது. முதுமையை எங்கே, யார் துணையோடு கழிப்பது என்னும் வினா இன்று பல வீடுகளின் கூடத்தில் தயக்கத்தோடு எழுப்பப்படுகிறது. அதற்கு ஒரு விடையாகக் கோயம்புத்தூர் போன்ற நகரங்களின் புறத்தே எழுந்துள்ள உதவிசார் மூத்தோர் குடியிருப்புகளின் நிறைகுறைகளை இக்கட்டுரை எடைபோடுகிறது.

ஒரு சொல், மூன்று கட்டடங்கள்

பள்ளிகளில் நடைபெறும் பேச்சுப் போட்டிகளில் ஆண்டுதோறும் தவறாமல் இடம்பெறும் தலைப்புகளுள் ஒன்று முதியோர் இல்லம். மேடையேறும் மாணவர் பெற்றோரைக் கைவிட்ட மகனைச் சாடுவார். பத்து மாதம் சுமந்த தாயை நினைவூட்டுவார். முதியோர் இல்லமே இல்லாத நாடு வேண்டும் என்று முடிப்பார். அரங்கம் கைதட்டும். தீர்ப்பு முன்கூட்டியே எழுதப்பட்டுவிட்ட வழக்கு அது. பரிசுக் கோப்பையோடு அம்மாணவர் வீடு திரும்பும்போது, அவருடைய பாட்டி பூட்டிய வீட்டுக்குள் பகல் முழுவதும் தொலைக்காட்சியோடு தனித்திருந்திருக்கக்கூடும். அதைப் பற்றி எந்த மேடையும் கேட்பதில்லை.

இவ்வாதத்தின் முதற்பிழை சொல்லில் தொடங்குகிறது. முதியோர் இல்லம் என்னும் ஒரே பெயரால் தம்முள் வேறுபட்ட மூன்று அமைப்புகள் சுட்டப்படுகின்றன. ஆதரவற்ற முதியவர்க்குக் கட்டணமின்றி உணவும் உறைவிடமும் தரும் அறநிலையம் முதல் வகை. சாவித்திரி வைத்தி 1978ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கிய விஸ்ராந்தி இதற்குச் சான்று; ஆதரவற்ற மூதாட்டியர்க்கென்றே அமைந்தது அது. அரசு நிறுவக்கூடிய இல்லம் இரண்டாம் வகை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007, வறிய முதியோர் 150 பேரேனும் தங்கும் வகையில், மாவட்டத்திற்கு ஓர் இல்லமாவது என்ற அளவில் தொடங்கி, மாநில அரசு இல்லங்களை நிறுவலாம் என்கிறது. 'நிறுவ வேண்டும்' என்னாது 'நிறுவலாம்' என்று சட்டம் கூறுவதை மொழி பயிலும் மாணவர் கருத்தூன்றிப் பார்க்க வேண்டும். ஒரு வினைமுற்றின் ஈற்றில் ஒரு கட்டடம் எழுவதும் எழாது போவதும் அடங்கியிருக்கின்றன.

மூன்றாம் வகையே இக்கட்டுரையின் பொருள். தம் சேமிப்பைக் கொண்டோ பிள்ளைகளின் பணத்தைக் கொண்டோ கட்டணம் செலுத்தி, தமக்கென ஒரு வீட்டையோ அறையையோ பெற்று, அன்றாட வாழ்வில் பிறர் உதவியோடு முதியவர் வாழும் குடியிருப்பு அது. விளம்பரங்கள் இதனைச் 'சீனியர் லிவிங்' என அழைக்கின்றன. மேடைப் பேச்சில் வரும் கைவிடப்பட்ட தாயும் இக்குடியிருப்பில் வாழ்பவரும் பெரும்பாலும் ஒருவரல்லர். ஆதலால் ஒருவர்க்கான கண்ணீரைக் கொண்டு மற்றவரின் வாழ்வை அளத்தல் பொருந்தாது.

ஆறு செயல்கள்

'உதவி' என்பது எதற்கான உதவி? சிட்னி காட்ஸ் என்னும் அமெரிக்க மருத்துவர் தம் குழுவினரோடு 1963ஆம் ஆண்டு இதற்கோர் அளவுகோலை வகுத்தார். குளித்தல், உடுத்தல், கழிப்பறைக்குச் சென்று வருதல், படுக்கையிலிருந்து எழுந்து இருக்கைக்கு மாறுதல், சிறுநீரையும் மலத்தையும் அடக்கும் ஆற்றல், உண்ணுதல் ஆகிய ஆறையும் ஒருவர் தாமே செய்துகொள்கிறாரா என்று அது நோக்குகிறது. முதுமையிலும் நோயிலும் இவ்வாற்றல்கள் ஏறத்தாழ ஓர் ஒழுங்கில் குறைவதை அக்குழு கண்டது. தானே குளிக்கும் ஆற்றல் முதலில் தளர்கிறது. தானே எடுத்து உண்ணும் ஆற்றல் கடைசிவரை எஞ்சுகிறது. குழந்தை இவற்றைக் கற்றுக்கொள்ளும் வரிசையை இது தலைகீழாகத் திருப்பிப் போட்டதுபோல் இருக்கிறது. ஆயினும் முதியவர் குழந்தையல்லர். எழுபதாண்டுகள் தம் முடிவுகளைத் தாமே எடுத்தவர், தம் முதுகைத் தேய்த்துக்கொள்ள ஒருவரை அழைக்கிறார், அவ்வளவே.

இவ்வாறில் ஒன்றிரண்டில் மட்டும் துணை வேண்டுவோர்க்கு மருத்துவமனைப் படுக்கை மிகை. பூட்டிய வீட்டின் தனிமையோ ஆபத்து. இடையிலுள்ள இவ்வெளியை நிரப்பவே உதவிசார் குடியிருப்பு தோன்றியது. நிலைப்படியின் தடுக்கலின்றிச் சக்கர நாற்காலி நுழையும் அகன்ற வாயில்கள், வழுக்காத தரை, குளியலறைச் சுவரில் கைப்பிடிக் கம்பிகள், கட்டிலருகே அவசர அழைப்பு மணி, பொதுச் சமையலறை, இரவிலும் விழித்திருக்கும் செவிலியர் ஆகியவை இதன் பொது அமைப்பு. இவற்றுள் எதுவும் வியப்புக்குரியதன்று. ஆனால் முதியவர் வாழும் நம் வீடுகளில் எத்தனை குளியலறைகளில் ஒரு கைப்பிடிக் கம்பியேனும் பொருத்தப்பட்டிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால், வியப்பு வேறு பக்கம் திரும்பும்.

தாய் கேட்ட கதவு

இக்கருத்தின் வரலாற்றில் ஒரு மகள் இருக்கிறார். அமெரிக்காவைச் சேர்ந்த கெரன் பிரவுன் வில்சனின் தாய் ஐம்பத்தைந்தாம் அகவையில் பக்கவாதத்தால் தாக்குண்டார். அதன்பின் ஆண்டுக்கணக்கில் மருத்துவப் பராமரிப்பு இல்லங்களில் வாழ நேர்ந்தது. முதியோர் நலத்தைக் கல்வியாகப் பயின்ற மகளிடம், தன்னைப் போன்றோர்க்கு உதவ ஏதேனும் செய்யலாகாதா என்று தாய் கேட்டார். அவர் விரும்பியவை சிறியவை: ஒரு சிறு சமையலிடம், ஒரு குளியலறை, தம் பழைய பொருள்கள், தம் பூனை, உள்ளிருந்து தாழிடத்தக்க ஒரு கதவு. ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்து நகரில் 1983ஆம் ஆண்டு வில்சன் திறந்த குடியிருப்பு அவ்விருப்பத்தின் வடிவம். மருத்துவப் பராமரிப்பு இல்லத்திற்கு அனுப்பப்படும் நிலையில் இருந்தோரும் அங்கே தமக்கென ஒரு வீட்டில், தம் கதவைத் தாமே தாழிட்டு வாழ்ந்தனர். பணியாளர் அவ்வீட்டுக்குள் வருவோராக இருந்தனரே அன்றி, அதனை ஆள்வோராக இல்லை.

தாழிட்ட கதவுக்குப் பின்னால் முதியவர் விழுந்து கிடந்தால் யார் பொறுப்பு என்று எதிர்ப்பு எழுந்தது. எளிதில் தள்ளத்தக்க கேள்வியன்று அது. ஆரிகன் அரசு அங்கு வாழ்வோரின் உடல்நிலையைத் தொடர்ந்து கண்காணித்தது. 1988ஆம் ஆண்டு வெளிவந்த முடிவுகள், அவர்களின் மனநிறைவு கூடியிருந்ததையும், அதற்கு விலையாக உடல்நலம் பலியாகவில்லை என்பதையும் காட்டின. அதன்பின் இவ்வகைக் குடியிருப்புகள் அந்நாடெங்கும் பெருகின. பெருகியபோது கைப்பிடிக் கம்பியும் அழைப்பு மணியும் எல்லா இடங்களுக்கும் சென்றன. தாய் கேட்ட கதவு எல்லா இடங்களுக்கும் செல்லவில்லை. நம் நாட்டுக் குடியிருப்புகளை எடைபோடும்போதும் இக்கதவை நினைவில் வைத்தல் நலம்.

கோவைப் புறநகரில்

தமிழ்நாட்டின் மக்கள்தொகையில் அறுபது அகவை கடந்தோர் 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு 10.4 பேர். இது 2031இல் 18.2 ஆக உயரும் என்பது அரசின் புள்ளியியல் மதிப்பீடு. இன்று மேல்நிலை வகுப்பில் பயில்வோர் பணியில் கால்பதிக்கும் காலம் அது. பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் கடல் கடந்தும் செல்கின்றனர். ஊரில் வீடும் பெற்றோரும் எஞ்சுகின்றனர். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றும், புகழ்பெற்ற மருத்துவமனைகளும், வானூர்தி நிலையமும் அருகமைந்த கோயம்புத்தூர், இத்தகைய பெற்றோர்க்கான குடியிருப்புகள் மிகுந்த நகரங்களுள் ஒன்றாகியிருப்பதற்கு இதுவே பின்னணி.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து பார்க்கலாம். ஈரோட்டில் தமிழாசிரியையாகப் பணியாற்றி ஓய்வுபெற்ற எழுபத்தாறு அகவை அம்மையார், கணவர் மறைந்துவிட்டார், ஒரே மகன் வெளிநாட்டில். ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுகிறார். வேலைக்கு வரும் பெண் மறுநாள் காலை வந்து கதவைத் தட்டும்வரை எவருக்கும் தெரியாது. மகன் பதறி வருகிறான், விடுப்பில் உடனிருக்கையில் எலும்பு கூடுகிறது, விடுப்பு முடிகிறது. இனி என்ன என்னும் கேள்விக்கு அவர்கள்முன் மூன்று விடைகள் உள்ளன. மகனோடு அயல்நாடு செல்லலாம். அங்கே மொழியும் அண்டை வீடும் இல்லை. வீட்டோடு ஒரு பணியாளை அமர்த்தலாம். நம்பிக்கைக்குரியவர் கிடைப்பதும், கிடைத்தவர் நிலைப்பதும் நற்பேறு. மூன்றாவது, கோவைப் புறநகரின் குடியிருப்பு.

அங்கே சென்றால் அவருக்கு வாய்ப்பவை பல. விழுந்தால் மணி ஒலிக்கும், ஆள் வரும். காய்கறி வாங்கவும் மின்கட்டணம் கட்டவும் எவரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. இவை பாதுகாப்பு சார்ந்தவை. ஆயினும் அங்கு வாழ்வோர் பலர் முதன்மையாகக் கருதுவது பேச்சுத் துணையையே. பழைய வீடுகளின் திண்ணை செய்துவந்த பணியை இன்று இக்குடியிருப்புகளின் நடைக்கூடங்கள் செய்கின்றன. மாலையில் நான்கு நாற்காலிகள் கூடினால், பழைய தலைமையாசிரியரைப் பற்றிய ஒரு பகடிக்கு உடன் சிரிக்க ஒருவர் கிடைப்பார். பேரக்குழந்தையின் கைபேசிக்கும் மகனின் மடிக்கணினிக்கும் இடையில் அத்தகைய சிரிப்பு கிடைப்பதில்லை. ஆண்டுகள் பலவாகியும் நரை தோன்றாமைக்குக் காரணம் கூறிய பிசிராந்தையார், புறநானூற்றின் 191ஆம் பாடலில், மனைவி மக்களையும் ஏவலரையும் வேந்தனையும் சொல்லியபின், தம் ஊரில் வாழும் சான்றோரைச் சொல்லி முடிக்கிறார். குடும்பம் மட்டும் போதும் என்று அவர் எண்ணவில்லை. ஒத்த அறிவினர் வாழும் ஊரும் வேண்டியிருந்தது.

இன்னொரு நன்மையை மேடைகள் சொல்வதில்லை. 'பெற்றோரை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்' என்னும் தொடரில் எழுவாய் தோன்றா எழுவாயாக நிற்கிறது. பார்த்துக்கொள்பவர் யார்? அறிவுரை மகனை நோக்கிச் சொல்லப்படுகிறது. படுக்கை விரிப்பை மாற்றுபவர் பெரும்பாலும் மருமகள் அல்லது மகள். அவர் தம் வேலையை விட்டிருப்பார். தம் பெற்றோரைப் பார்க்க இயலாது இருப்பார். இரவு உறக்கம் இழந்திருப்பார். அவருடைய உழைப்புக்கு ஊதியமும் இல்லை, விடுப்பும் இல்லை. பல ஆண்டு உறக்கமின்மை அன்பையே கசப்பாக்கிவிடும். உடலைப் பேணும் பணியைப் பயிற்சி பெற்றோரிடம் ஒப்படைத்துவிட்டு, வார இறுதியில் வந்து கைபிடித்து அமரும் மகள் தம் கடமையினின்று வழுவினார் என்று யார் சொல்ல இயலும்?

தெரிந்து தெளிவோம்

ஐக்கிய நாடுகள் அவை 1990ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளைப் பன்னாட்டு முதியோர் நாளாக அறிவித்தது. இந்தியாவில் முதியோர் மருத்துவத்திற்கெனத் தனிப்பிரிவு முதன்முதலில் சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதன் முன்னோடி மருத்துவர் வ.செ. நடராஜன். கிண்டியில் 200 படுக்கைகள் கொண்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. முதியோர் உதவி வேண்டிக் கட்டணமின்றி அழைக்கத்தக்க தொலைபேசி எண் 14567.

கட்டணமும் கையொப்பமும்

குறைகளுள் முதலில் கண்ணில் படுவது பணம். வீட்டை விலைக்கு வாங்குதல், பெருந்தொகையை வைப்பாகச் செலுத்திக் குத்தகைக்குப் பெறுதல், மாத வாடகைக்கு இருத்தல் எனக் குடியேறும் வழிகள் பல. எவ்வழியாயினும் உணவுக்கும் பராமரிப்புக்கும் மாதந்தோறும் தனிக்கட்டணம் உண்டு. தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 2023ஆம் ஆண்டு மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பிள்ளைகளிடமிருந்து பெற்றோர் பெறத்தக்க பராமரிப்புத் தொகைக்கு 2007ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். இவற்றை நம்பி வாழும் முதியவர் இக்குடியிருப்புகளின் வாயிற்படியைக்கூட மிதிக்க இயலாது. வயலில் உழைத்துத் தேய்ந்த முழங்கால்களுக்கும் விசைத்தறியில் செவித்திறன் இழந்தவர்க்கும் கைப்பிடிக் கம்பி வேண்டாமா என்னும் வினாவிற்கு இக்குடியிருப்புகளிடம் விடையில்லை. அவற்றிடம் அதனை எதிர்பார்ப்பதும் முறையன்று. அது அரசிடம் கேட்கப்பட வேண்டியது.

பணம் உடையோர்க்கும் இடர்கள் உண்டு. ஓய்வூதியம் ஒரு வேகத்தில் உயர்கிறது. பராமரிப்புக் கட்டணம் வேறொரு வேகத்தில் உயர்கிறது. கட்டியவர் ஒருவர், நடத்துபவர் மற்றொருவர் என்றிருக்கும் இடங்களில், கட்டியவர் வீடுகளை விற்றபின் விலகிக்கொள்ள, சமையற்கட்டும் செவிலியரும் யார் பொறுப்பு என்பது சிக்கலாகிறது. மத்திய வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற விவகார அமைச்சகம் 2019ஆம் ஆண்டு வெளியிட்ட மாதிரி நெறிமுறைகள், கட்டுபவர், சேவை வழங்குபவர், வீட்டைப் பெறுபவர் ஆகிய மூவரும் கையொப்பமிடும் முத்தரப்பு ஒப்பந்தத்தை வலியுறுத்துவது இதனால்தான். மாதிரி நெறிமுறை என்பது பெயருக்கேற்ப மாதிரியே; மாநிலங்கள் ஏற்று விதியாக்கினால் அன்றி அது எவரையும் கட்டுப்படுத்தாது.

ஒப்பந்தத்தில் எல்லோரும் விரைந்து புரட்டும் பக்கம் ஒன்றுண்டு. குடியிருப்பவர்க்கு மறதிநோய் முற்றினால், அல்லது அவர் படுக்கையிலேயே கிடக்க நேர்ந்தால், அவர் அங்கேயே இருக்கலாமா, வேறிடம் செல்ல வேண்டுமா என்பதைக் கூறும் பக்கம் அது. எண்பதாம் அகவைக்காக வீடு வாங்கியவர், எண்பத்தைந்தாம் அகவையில் அதைவிட்டு வெளியேற நேரின் அவ்வீட்டின் பயன் என்ன? கையொப்பமிடும் நாளில் இதனைக் கேட்பது அபசகுனம்போல் தோன்றுவதால் பலர் கேட்பதில்லை.

பாதுகாப்பின் பெயரால்

பணமும் ஒப்பந்தமும் சரியாக அமைந்த பின்னும் எஞ்சும் குறையே பெரிது. அது மெல்லிய குரலில் வருவதால் குறையாகத் தெரிவதில்லை. காலை ஐந்து மணிக்குக் காப்பி அருந்திப் பழகியவர்க்கு ஆறரை மணிக்கே காப்பி. மாடியில் காற்று வாங்கச் சென்றால், 'விழுந்துவிடுவீர்கள் பாட்டி' என்னும் அன்பான தடை. சர்க்கரை நோயாளி என்பதால் தீபாவளிக்கும் ஒரு துண்டு அதிரசம் இல்லை. மருத்துவர் வந்தால் அம்மையாரின் வயிற்றுவலியைப் பற்றி அம்மையாரிடம் பேசாது மகனிடம் பேசுகிறார். கட்டணம் செலுத்துபவர் மகன் என்பதால், வாடிக்கையாளரும் மகனே ஆகிவிடுகிறார். அங்கே வாழ்பவர், பத்திரமாக வைக்கப்படும் பொருளாகிறார்.

இதன் விளைவு என்ன என்பதற்கு ஓர் ஆய்வு உண்டு. எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் என்னும் உளவியலாளர் இருவர் 1976ஆம் ஆண்டு அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்துப் பராமரிப்பு இல்லம் ஒன்றில் நடத்தியது அது. ஒரு தளத்தில் வாழ்ந்தோரிடம், உங்கள் வாழ்வுக்கு நீங்களே பொறுப்பு என்று கூறி, விரும்பினால் ஒரு செடியைத் தேர்ந்தெடுத்து வளர்க்கச் சொன்னார்கள். திரைப்படம் பார்க்கும் நாளையும் அவர்களே தேர்ந்தனர். மற்றொரு தளத்தில், உங்களை மகிழ்வாக வைத்திருப்பது எங்கள் பொறுப்பு என்று கூறிச் செடிகளைக் கொடுத்தார்கள். நீரூற்றும் வேலையைச் செவிலியரே பார்த்துக்கொண்டனர். மூன்று வாரங்களுக்குப் பின், முதல் தளத்தினர் கூடுதல் விழிப்போடும் சுறுசுறுப்போடும் இருந்தனர். இரு தளங்களிலும் செடி இருந்தது, பரிவும் இருந்தது. நீர்க்குவளை யார் கையில் இருந்தது என்பதே வேறுபாடு.

எனவே ஒரு மூத்தோர் குடியிருப்பை அளக்க வேண்டிய கோல், அங்குள்ள வசதிகளின் பட்டியலில் இல்லை. அங்கு வந்து சேரும் முடிவை எடுத்தவர் யார். வந்தபின் நாளை எப்போது எழுவது, என்ன உண்பது, கதவை எப்போது சாத்துவது என்பவற்றை முடிவு செய்பவர் யார் என்பதில் இருக்கிறது. தம் விருப்பத்தால் வந்து, தம் அறையின் சாவியைத் தாமே இடுப்பில் செருகிக்கொண்டு உலவும் முதியவர்க்கு அது வீடு. வாயிற்கதவு வரை அழைத்துவரப்பட்டபின் செய்தி சொல்லப்பட்டவர்க்கு, அதே அறை, அதே கட்டில், அதே உணவு இருப்பினும் அது வீடாவதில்லை. இதில் பாதுகாப்பை முற்றும் விலக்க இயலாது என்பது உண்மை. மறதிநோய் கொண்டவர் நள்ளிரவில் நெடுஞ்சாலையை நோக்கி நடந்தால் தடுத்தே ஆக வேண்டும். ஆனால் நெடுஞ்சாலைக்குப் போட வேண்டிய பூட்டை அதிரசத்துக்கும் போடுகிறோமே, அங்கேதான் வழுக்கல் தொடங்குகிறது.

இதே கோலை நம் வீடுகளுக்கும் வைத்துப் பார்ப்பதே நடுவுநிலைமை. பாட்டியின் ஓய்வூதிய அட்டை யாரிடம் இருக்கிறது? தொலைக்காட்சியில் எந்த அலைவரிசை என்பதை அவர் தீர்மானிக்கிறாரா? விருந்தினர் வந்தால் அவர் கூடத்தில் அமர்கிறாரா, உள்ளறைக்கு அனுப்பப்படுகிறாரா? முதியவரைத் தம்மோடு வைத்திருக்கும் குடும்பங்கள் எல்லாம் இத்தேர்வில் தேறிவிடும் என்று கூற இயலாது. கூட்டுக் குடும்பத்தின் பொற்காலம் பற்றிப் பேசுவோர், அக்காலத்து விதவைப் பாட்டிகள் பலர் அடுக்களைப் புறத்தில் கழித்த பகல்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சேராத சிலர்

குடியிருப்புகளின் மேலும் சில குறைகளையும் சொல்லாது விட இயலாது. ஒரே அகவையினர் மட்டும் வாழும் இடத்தில் குழந்தையின் அழுகுரல் இல்லை. கிழிந்த பட்டத்தை ஒட்டித் தரச்சொல்லி ஓடிவரும் சிறுவன் இல்லை. மாறாக, உணவுக்கூடத்தில் நேற்று எதிரே அமர்ந்திருந்தவரின் நாற்காலி இன்று வெறுமையாக இருக்கும். அடுத்தது யார் என்று எவரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. கோவைப் பகுதிக் குடியிருப்புகள் பலவற்றில் பொதுச் சமையலறை சைவ உணவை மட்டுமே வழங்குகிறது. அதனை விரும்புவோர்க்கு அது நிறைவே. ஆயினும் ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்பை நாவிலிருந்து நீக்க இயலாத முதியவர்க்கு, எழுதப்படாத ஓர் அறிவிப்புப் பலகை அங்கே தொங்குகிறது. உணவின் வழியே சமூகத்தின் பழைய பிரிவுகள் புதிய கட்டடத்திற்குள் நுழைந்துவிடுகின்றன.

பராமரிப்புப் பணியாளர் நிலை இதனினும் கவனத்திற்குரியது. அருகிலுள்ள சிற்றூர்களிலிருந்தும் தொலைவிலுள்ள மாநிலங்களிலிருந்தும் வரும் இளம்பெண்களே பெரும்பாலும் முதியவரைக் குளிப்பாட்டுகின்றனர், தூக்கி அமர்த்துகின்றனர். வேலை கடினமானது, ஊதியம் அதற்கேற்றதன்று, ஆதலால் பலர் நெடுநாள் நீடிப்பதில்லை. கடைசியாக வந்தவரின் முகம் பழகுமுன் அடுத்தவர் வந்துவிடுகிறார். தம் உடலை ஒருவரிடம் ஒப்படைக்கும் முதியவர்க்கு, அவர் பெயர்கூடத் தெரியாதிருத்தல் எவ்வளவு பெரிய கூச்சம் என்பதைக் கட்டண விவரத்தாள் குறிப்பிடுவதில்லை. பிறர் பாட்டிக்குச் சோறூட்டும் அப்பெண்ணின் பாட்டிக்கு ஊரில் சோறூட்டுபவர் யார் என்பதையும் அது குறிப்பிடுவதில்லை.

ஈரோட்டு அம்மையார் தம் மகனோடு குடியிருப்பைப் பார்க்க வருகிறார். மகன் ஆயத்தமாக வந்திருக்கிறான். மருத்துவமனை எவ்வளவு தொலைவு, ஆம்புலன்சு உண்டா, ஆண்டுக்கு எவ்வளவு கட்டணம் உயரும் என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறான். பொறுப்பாளர் பொறுமையோடு விடை கூறுகிறார். அம்மையார் எதுவும் கேளாமல் அறைக்குள் சென்று, கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்க்கிறார். திறந்து வெளியே வருகிறார்.

"இக்கதவுக்கு வேறு சாவி உங்களிடம் உண்டா?"

"உண்டு அம்மா. அவசரத்திற்கு வேண்டுமே."

"வேண்டியதுதான். அவசரமில்லாத நாளில், உள்ளே வருமுன் தட்டுவீர்களா?"

பொறுப்பாளர் இதற்கு உடனே விடை கூறவில்லை. கையிலிருந்த விவரத்தாளைப் புரட்டினார். அதில் அதற்கு இடமில்லை. அறை ஓரத்தில் போர்வையை மடித்துக்கொண்டிருந்த பணிப்பெண் நிமிர்ந்தாள்.

"தட்டுவோம் பாட்டி" என்றாள்.

அம்மையார் அவளருகே சென்று, போர்வையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, அவள் பெயரைக் கேட்டார்.